துணி குவிந்திருக்கும்போது விளம்பரத்துக்கு நேரம் ஏது? தனியாகத் தையல் கடை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனி ஆளாகத் தையல் கடை வைத்திருப்பவரிடம் விளம்பரம் பற்றிப் பேச்செடுத்தால், "துணி அடுக்கிக் கிடக்கு, ஹூக் வைக்கவே நேரமில்லை, இதுல போட்டோ எடுத்து எங்கே போடறது?" என்றுதான் பதில் வரும். அதைச் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. வெட்டுவது, தைப்பது, அயர்ன் செய்வது, வருகிறவரிடம் பேசுவது, கணக்குப் பார்ப்பது, வீட்டுக்குப் போனால் சமையலும் பிள்ளைகள் படிப்பும் என்று எல்லாவற்றையும் ஒருவரே செய்யும்போது நேரமில்லை என்பது நிஜம். ஆனால் இதே கடையில் ஆடி பிறந்ததும் மிஷின் சும்மா நிற்கிறது. வாடகைக்கே இழுக்கிறதே என்ற கவலை வருகிறது. வேலை இருக்கும்போது நேரம் இருப்பதில்லை, வேலை இல்லாதபோது மனசு வருவதில்லை. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் முதல் இரண்டு வருடத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

விளம்பரத்துக்கென்று தனியாக நேரம் எங்கிருந்தும் கிடைக்காது. ஆனால் தொழிலே சில ஓய்வு நேரங்களைத் தருகிறது. அவை எப்போது வருகின்றன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த நேரத்தை முதலில் பழைய வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். புது ஆளைத் தேடுவது அதற்கப்புறம். பிளவுஸ், சுடிதார் தைக்கும் லேடீஸ் டெய்லரிங் கடையை உதாரணமாக வைத்து, வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் கடையின் வருடத்தை எழுதுங்கள்

ஒரு தினசரி காலண்டரும் பேனாவும் போதும். எந்த மாதம் வேலை குவிகிறது, எந்த மாதம் வற்றுகிறது என்று எழுதுங்கள். கடை புதியது என்றால் தெருவில் நீண்ட நாளாகத் தைக்கிற ஒருவரைக் கேளுங்கள், சொல்வார்.

இதில் பலர் முகூர்த்தத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, அதனால் வேலையும் இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ், பொங்கல், தை முகூர்த்தம் மூன்றுக்குமான தையலும் அந்த மார்கழியில்தான் வந்து விழுகிறது. புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் தீபாவளித் துணி வரத் தொடங்கும் மாதம் அது. உங்கள் பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் என்றால் ரமலான் மாதம் முழுக்க கை ஓயாது. அந்த நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதையும் காலண்டரில் குறிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது சீருடை.

உண்மையில் மந்தமான காலம் என்றால் ஆடியின் முதல் பாதி, பொங்கல் முடிந்த சில நாட்கள், தீபாவளிக்கு அடுத்த வாரம். மாசி, பங்குனி ஊருக்கு ஊர் மாறும்.

ஆடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று விவசாயிக்குச் சொன்னது தையல்காரருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி நடக்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே போய்ப் புடவையும் சுடிதார் மெட்டீரியலும் எடுத்து வந்து பீரோவில் வைத்துவிடுவார்கள். அடுத்து வருவது ஆவணி முகூர்த்தம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், உங்களுக்கு மூச்சு முட்டும். அந்தத் துணி ஆடியிலேயே உங்கள் மேஜைக்கு வந்தால் இருவருக்கும் நல்லது. ஆகவே "ஆடியில எடுத்த புடவைக்கு இப்பவே பிளவுஸ் கொடுத்துடுங்க, அவசரமில்லாம நிதானமா தைச்சுத் தர்றேன்" என்று சொல்ல வேண்டிய காலம் ஆடி முதல் வாரம். கூலியில் தள்ளுபடி கொடுக்கக்கூடத் தேவையில்லை. நிதானமாகத் தைத்துத் தருவேன் என்பதே பெரிய சலுகை.

இப்படி ஒவ்வொரு சீசனுக்கும் ஐந்தாறு வாரம் முன்னால் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். யோசிப்பதில்தான் பாதி நேரமும் பாதி உற்சாகமும் போய்விடுகிறது.

நாளில் அரை மணி நேரம், ஒரே இடத்தில்

"நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்" என்று விட்டால் அந்த வேலை நடக்காது. ஒரு வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப் போகிறோம் என்று முன்பே முடிவு செய்துகொள்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கேற்றும் நேரத்தைத் தவறவிடாததும் இப்படித்தான்: அதற்கு ஒரு வேளை இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது.

எனவே இப்படி முடிவு செய்யுங்கள்: "கடை திறந்து சாமிக்கு ஊதுபத்தி ஏற்றியதும், மிஷினில் உட்காருவதற்கு முன்னால், மேஜையில் அரை மணி நேரம் விளம்பர வேலை." காலைதான் ஏற்றது என்பது என் கருத்து. தையல் கடைக்குக் கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். ராத்திரி கடையை மூடிவிட்டுப் பார்க்கலாம் என்றால் இடுப்பும் கண்ணும் ஒத்துழைக்காது. ஒருமுறை மிஷினில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது, அதனால்தான் அதற்கு முன்பே என்கிறேன்.

சீசன் உச்சத்தில் அரை மணியைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். பூஜ்யமாக்காதீர்கள். விட்டுப் பிடிப்பது கடினம்.

இன்னொரு நேரம் இருக்கிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் கரண்ட் வரும். எந்தெந்தப் பகுதி என்று முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். மோட்டார் மிஷின் ஓடாது, அயர்ன் பாக்ஸும் இல்லை. ஹூக், ஹெம்மிங் வேலை முடிந்ததும் மீதி நேரத்தைப் பெரிய விளம்பர வேலைகளுக்கு ஒதுக்குங்கள். போட்டோ எடுக்கத் தேவையான பகல் வெளிச்சம் ஜன்னல் வழியே எப்படியும் வரும். முதல் நாள் ராத்திரியே போனில் சார்ஜ் ஏற்றி, போட்டோவுக்கு வேண்டிய பிளவுஸ்களைத் தேய்த்து மாட்டி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அளவு நோட்டை எடுங்கள்

உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த விளம்பரக் கருவி அளவு நோட்டு. யார், எந்த நம்பர், கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது வந்தார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் தையலைப் போட்டுப் பார்த்து, காசு கொடுத்த ஆட்களின் பட்டியல் அது. எந்த விளம்பரக் கம்பெனியும் உங்களுக்கு இப்படி ஒரு பட்டியல் தர முடியாது.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு விஷயம் கூடுதலாக எழுதத் தொடங்குங்கள். ஒன்று, "நம்ம கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு வருகிற பதில். இரண்டு, பேச்சுவாக்கில் அவர் சொன்ன அடுத்த விசேஷம்: மகளுக்குச் சடங்கு, தங்கச்சிக்கு வைகாசியில் கல்யாணம், வீட்டுக் கிரகப்பிரவேசம். அளவெடுக்கும்போது இதையெல்லாம் அவர்களே சொல்வார்கள். நாம்தான் காதில் வாங்கிவிட்டு மறந்துபோகிறோம்.

பிறகு தினசரி அரை மணியில் முதல் பதினைந்து நிமிடம் இதற்கு. நோட்டைப் புரட்டி, ஆறு மாதத்துக்கு மேல் வராதவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இப்படி:

"வணக்கம் அக்கா, டெய்லர் கடையில இருந்து பேசறேன். போன தடவை தைச்ச பச்சை பட்டு பிளவுஸ் சரியா இருந்துச்சா? கை கொஞ்சம் டைட்டா இருந்தா கொண்டு வாங்க, பிரிச்சுத் தர்றேன். வைகாசியில தங்கச்சி கல்யாணம்னு சொல்லியிருந்தீங்க, ஆரி வொர்க் வேணும்னா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க."

இதில் விற்பனைப் பேச்சே கிடையாது. அவருடைய துணியை நினைவு வைத்திருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரிகிறது. அது போதும். பதில் வராதவரை மறுபடி துரத்த வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே தடவையில் பிராட்காஸ்ட் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள், உங்களுக்கோ எல்லோருக்கும் அனுப்பிவிட்ட திருப்தி இருக்கும். ஆகவே துணி கொடுக்க வரும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, ரெடியானதும் மெசேஜ் வரும்" என்று சொல்லி, கண் முன்னாலேயே சேமிக்க வையுங்கள். நம்பர் பட்டியலை விலைக்குத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் வாங்கவே வேண்டாம். முன்பின் தெரியாதவர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் அவர்கள் உங்களைப் புகார் செய்வார்கள், உங்கள் நம்பரே முடங்கலாம்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு மணி நேரம் செலவிடுங்கள்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். 2018 முதல் இருக்கிறது. அதில் கேட்டலாக் (உங்கள் வேலைகளின் படப் பட்டியல்) வைக்கலாம், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகிற பதிலை எழுதி வைக்கலாம், வாடிக்கையாளரை 'புது ஆர்டர்', 'பணம் பாக்கி' என்று பிரிக்க லேபிள் ஒட்டலாம். புதியவர்களுக்கு அதில் மிகவும் உதவுவது குயிக் ரிப்ளை. "லைனிங் பிளவுஸ் கூலி எவ்வளவு?", "எத்தனை நாள் ஆகும்?", "கடை எங்கே?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரே கேள்விக்குப் பதில் அடிக்கிறீர்கள்? சாதா பிளவுஸ், லைனிங், பிரின்சஸ் கட், ஃபால்ஸ், பிக்கோ எல்லாவற்றுக்கும் கூலிப் பட்டியலை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், அடுத்த முறை ஒரு சாய்கோடும் ஒரு சுருக்கச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். உங்கள் அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், ஒரு பகுதி இங்கிருந்துதான்.

ஒரு நாளைக்கு ஒரு போட்டோ

ரீல்ஸ் எடுக்க வேண்டும், முகம் காட்டிப் பேச வேண்டும், பாட்டு போட வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்காமலே இருக்கிறார்கள். தொடக்கத்தில் அது எதுவும் வேண்டாம். முடித்த பிளவுஸில் ஒன்றைத் தேய்த்து, டம்மியிலோ ஹேங்கரிலோ மாட்டி, ஜன்னல் பக்கம் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்கழுத்து ஒன்று, கை வேலைப்பாடு அருகில் ஒன்று. பின்னால் வெள்ளைச் சுவரோ ஒரே நிறத் துணியோ இருந்தால் போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், 24 மணி நேரம் இருக்கும். அதே படத்தை இன்ஸ்டாகிராமிலும் போட்டுவிடுங்கள். படத்தோடு ஒரு வரி: என்ன துணி, என்ன மாடல், கூலி எவ்வளவு. கூலியை மறைக்காதீர்கள். "டிஎம் பண்ணுங்க" (தனியாக மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள்) என்று எழுதினால் கூச்சப்பட்டுக் கேட்காமல் போகிறவர்களே அதிகம்.

தையல் கடைக்கே உரிய இரண்டு எச்சரிக்கை. கல்யாணப் பெண்ணின் முகூர்த்த பிளவுஸை முகூர்த்தம் முடியும் வரை போடாதீர்கள். அந்த வேலைப்பாட்டை மண்டபத்தில்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருப்பாள். அதன்பிறகும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாடிக்கையாளரின் முகம் தெரியும் படம் என்றால் கட்டாயம் அனுமதி வாங்க வேண்டும். அடுத்தது, இணையத்தில் கிடைத்த டிசைனை உங்கள் வேலை போலப் போடக் கூடாது. அதே மாதிரி வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது

இது ஒருமுறை செய்ய வேண்டிய வேலை, மின்தடை நாளுக்கு ஏற்றது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடைப் பெயரைப் பலகையில் இருப்பது போலவே கொடுங்கள். நேரம், வார விடுமுறை, போன் நம்பர், வாசலும் பக்கத்துக் கோயிலோ பேருந்து நிறுத்தமோ தெரிகிற ஒரு படம் சேருங்கள். கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த வீடியோ எடுத்து அனுப்பவோ வேறு வழியிலோ கூகுள் கேட்கும். "கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டினால்தான் உங்கள் கடை தெரியும்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

பிளவுஸை டிரையல் பார்த்து, கண்ணாடி முன்னால் முகம் மலர்கிறதே, ரிவ்யூ கேட்க வேண்டிய நேரம் அதுதான். பணம் அனுப்பும் யூபிஐ ஸ்கேனர் பக்கத்திலேயே ரிவ்யூவுக்கான க்யூஆர் கோடையும் அச்சடித்து ஒட்டி வையுங்கள். போன் எப்படியும் அப்போது கையில் இருக்கும். ரிவ்யூ போட்டால் கூலி குறைப்பேன் என்று சொல்லாதீர்கள், கூகுள் விதிப்படி அது தவறு.

கூச்சமும் சோர்வும்

நேரப் பிரச்சினையைச் சரிசெய்த பிறகும் கை நகர மறுக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம். "நம்ம வேலையை நாமே பெருமையாச் சொல்லிக்கிறதா? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" வேலை நன்றாக இருந்தால் தானாகவே ஆள் வரும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். வரத்தான் செய்வார்கள், ஆனால் உங்களிடம் ஏற்கெனவே தைத்தவரின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு நீங்கள் ஆரி வேலை செய்வீர்கள் என்பதே தெரியாது. தெரியாததால் அவர் அதிகப் பணம் கொடுத்து தூரத்தில் எங்கோ தைத்துக்கொள்கிறார். அவருக்கு ஒரு தகவலைச் சொல்கிறீர்கள். அதைப் பெருமை பேசுவது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கணக்காகவும் பார்க்கலாம். லைனிங் பிளவுஸுக்குக் கூலி 400 ரூபாய், வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தினம் அரை மணி வீதம் ஆறு நாளைக்கு மூன்று மணி நேரம், அதாவது இரண்டு பிளவுஸ், 800 ரூபாய். வாரம் அவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள். நோட்டைப் பார்த்து எழுதிய பதினெட்டுப் பேரில் ஒருவர் திரும்பி வந்து கல்யாணத்துக்கு இரண்டு பிளவுஸ் கொடுத்தால் அந்த வாரம் நேர். அவர் அக்காவையும் கூட்டி வந்தால் லாபம். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு இந்தக் கணக்கை எழுதி மேஜைக்கு மேலே ஒட்டுங்கள். சோர்வாக இருக்கும் காலையில் பார்க்க உதவும்.

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நூறு பேர் லைக் போட்டு ஒருவரும் துணி கொடுக்காத படமும் உண்டு, நான்கு பேர் மட்டும் பார்த்து அதில் ஒருவர் நேரே கடைக்கு வந்த ஸ்டேட்டஸும் உண்டு. எத்தனை பேருக்கு மெசேஜ் அனுப்பினேன், எத்தனை படம் போட்டேன் என்பவை உங்கள் கையில் இருப்பவை. அவற்றைக் காலண்டரில் டிக் செய்யுங்கள். பலன் சில வாரம் கழித்துத்தான் தெரியும்.

சொன்ன தேதி

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு: சொன்ன தேதியில் கொடுப்பது. "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை அலையவிட்ட ஒரு வாடிக்கையாளர் அதைப் பத்து வீட்டில் சொல்வார். எந்த ஸ்டேட்டஸும் அதை அழிக்காது. ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும் என்பதை நேர்மையாகக் கணக்கிட்டு, அளவு திருத்தங்களுக்கும் உடம்பு முடியாத நாளுக்கும் இடம்விட்டுத் தேதி கொடுங்கள்.

நிரம்பிவிட்டால் வெளிப்படையாக நிறுத்துங்கள். "தீபாவளி ஆர்டர் இன்றோடு முடிந்தது. புதுத் துணிகள் தீபாவளிக்கு அடுத்த வாரம் முதல்" என்று ஸ்டேட்டஸ் போடுங்கள். பயப்பட வேண்டாம். இந்தக் கடைக்குக் கிராக்கி இருக்கிறது, அடுத்த வருடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்று பார்த்தவர்கள் நினைப்பார்கள். தீபாவளிக்குப் பிந்தைய மந்தமான வாரத்துக்கும் துணி சேர்ந்துவிடும்.

வேறு தொழில் என்றால்

இதே முறைதான், ஓய்வு நேரம் மட்டும் மாறும். வீட்டில் பொடி, ஊறுகாய் செய்பவருக்கு மிளகாய் காய வைக்கும் வெயில் காலத்தில் நேரமே இருக்காது, மழைக்காலத்தில் இருக்கும். உணவுப் பொருள் என்றால் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும், அது இல்லாமல் விளம்பரத்தில் இறங்காதீர்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்றவர்களுக்கு அளவு நோட்டு இல்லை, போனில் இருக்கும் பழைய அழைப்புகளே பட்டியல்.

பணம் கட்டி விளம்பரம் எப்போது?

முதல் ஆறு மாதம் வேண்டாம். நோட்டும் மேப்பும் ஸ்டேட்டஸும் ஓடத் தொடங்கிய பிறகு, மந்தமான மாதத்தில், உங்கள் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் மட்டும் தெரியும்படி இன்ஸ்டாகிராமில் சிறு தொகைக்குச் செய்து பார்க்கலாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையாக இருக்கட்டும். சீசன் உச்சத்தில் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது வீண், வருகிற துணியை வாங்கி வைக்கவே இடம் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டில் "எப்படித் தெரியும்" என்று எழுதியதை எண்ணுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மேப்பில் பார்த்தேன், ஸ்டேட்டஸ் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன் என்று தனித்தனிக் கோடு போடுங்கள். ஒரு கோடும் விழாத வேலையை நிறுத்திவிட்டு, அந்த நிமிடங்களைப் பழைய வாடிக்கையாளருக்கு மெசேஜ் எழுதக் கொடுங்கள். பலகையைப் பார்த்து வந்தவர்களே அதிகம் என்றால், அடுத்த ஆடியில் முதல் செலவு பலகைக்கு ஒரு நல்ல விளக்கு.